ஆத்தங்குடிக் கல் பட்டறை: 420 கல்லும் எங்கள் கொத்தனாரும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் வேலையை மேற்பார்வை பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். இரண்டாங்கட்டில் தளம் பெயர்ந்துபோன இடத்துக்கு ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் 8 அங்குலத் தரைக்கல் 420 வாங்கினோம். அவர்கள் பக்கம் நடந்த ஒரு தவறையும் சொல்லப்போவதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை.

முதலில் கல்லைப் பற்றி. சூளை கிடையாது, இயந்திரம் கிடையாது. கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. கட்டம் கட்டமாகச் சாயம் கலந்த சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்குகிறார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும், கலக்காது. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் கலவை போட்டுக் கரணையால் மட்டம். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும். கண்ணாடி பட்ட பக்கம்தான் முகம், அந்த மினுக்கு கண்ணாடி கொடுத்தது. நடக்க நடக்க இன்னும் ஏறும்.

இனி நடந்தது. முதல் லோடில் 160 கல் வந்தது. எழுபது போல ஒட்டிய பிறகு பார்த்தால் சிவப்பு வெளிறியிருந்தது, ஈரத்துணியில் சாயம் ஒட்டி வந்தது. சிமெண்டுக் கறையை எடுக்கக் கொத்தனார் ஆசிட் ஊற்றிவிட்டார் என்று நினைத்தேன். இந்தக் கல்லுக்கு ஆசிட் ஆகவே ஆகாது. அவருடைய கையாள் பையன் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டுவிட்டேன், அந்த வாரக் கூலியையும் நிறுத்திவைத்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கரணையைக் கழுவி, பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் வரவில்லை.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் தளத்தைப் பார்க்கவில்லை. "ஒட்டாத கல் மிச்சம் இருக்காம்மா?" என்றார். அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து வெயிலில் வைத்தார். ஈரம் காய்ந்துகொண்டே வரும்போது மயிரிழை மயிரிழையாகக் கீறல் தெரிந்தது, பூவின் இதழ்களுக்குக் குறுக்கே. காய்ந்ததும் மறைந்துவிட்டது. ஆசிட் பாட்டில் கிட்டவே போகாத கல் அது. இந்தச் சோதனையை நானே முதல் நாள் செய்திருக்கலாம்.

அன்று மாலையே பட்டறைக்குப் போனேன். தொட்டிச் சுவரில் எந்தத் தேதியில் கல் இறக்கியது என்று சாக்பீஸால் எழுதுவார்கள், அதையே நோட்டிலும் பதிவார்கள். எங்கள் கல் இரண்டு நாள் முன்னதாகவே வெளியே வந்திருந்தது. எல்லா வேலையாட்களும் இருக்கும்போது பட்டறைக்காரர் அவர்களில் ஒருவரைக் காட்டி என்னிடம் சொன்னார்: "இவன் வேண்டாம்னுதான் சொன்னான். எடுக்கச் சொன்னது நான்." வீட்டுப் பூஜைக்காக நான் மூன்று முறை போன் செய்து அவசரப்படுத்தியதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. 160 கல்லையும் மாற்றித் தந்தார், பெயர்த்து மறுபடி ஒட்டும் கூலியையும் அவரே கொடுத்தார்.

இந்த வட்டாரத்து நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருடக் கணக்கில் ஆள் அனுப்பிக் கடை நடத்தியவர்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள், முதலாளியோ கடலுக்கு இந்தப் பக்கம். கண்ணால் பார்க்காத கடையை நம்பியது பேரேட்டையும் ஆளின் நாணயத்தையும் வைத்துத்தான். அந்தப் பட்டறை நோட்டைப் புரட்டும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

கொத்தனார் வீட்டுக்குப் போனேன். நிறுத்திய கூலியை நீட்டினேன். "காசு கெடக்கும்மா. பையன் முன்னாடி கேட்டீங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் வேலையிடத்தில் அதே பையன் முன்னால், "தப்பு என்னோடது அண்ணே, விசாரிக்காமப் பேசிட்டேன்" என்றேன். தலையை ஆட்டினார், வேலையைத் தொடங்கினார். ஆனால் அதற்கப்புறம் இரண்டு வாரம் ஒவ்வொரு சிமெண்டு மூட்டையையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டித்தான் பிரித்தார். மணல் சலித்தாலும் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் போய் நின்றேன்.

பட்டறைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது, மதியத்தில் போன் எடுப்பதில்லை என்பதாலும், பச்சை நிறம் லோடுக்கு லோடு சற்று மாறுவதாலும். வாங்குகிறவர்கள் தேவைக்கு மேல் கொஞ்சம் சேர்த்து ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். ஏற்றுமுன் நாலைந்து கல்லில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தேதியை மட்டும் நெருக்காதீர்கள்.

போன மாதம் அடுப்படிக்கு 180 கல் சொல்லியிருந்தோம். ஏற்றுகிற அன்று எனக்கு சென்னையில் வேலை, கொத்தனார் தனியாகப் போனார். பட்டறையிலிருந்து அவர் போன் செய்தார்: "பதினொரு கல்லை ஒதுக்கச் சொல்லிட்டேன். மத்தத ஏத்தச் சொல்லவா, இல்ல நீங்க வந்து பாத்துக்கிறீங்களா?"

"நீங்க பாத்தாச்சுல்ல அண்ணே, ஏத்துங்க" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டார். ஊர் திரும்பியபோது பாதி அடுப்படி ஒட்டி முடிந்திருந்தது. மூலையில் இரண்டு சிமெண்டு மூட்டை பிரித்துக் கிடந்தது.