மின் வயரில் ஓடும் இன்டர்நெட்: எங்கள் வீட்டு பவர்லைன் அடாப்டர்

வீட்டு மின் வயர் வழியாகவே இன்டர்நெட்டை வேறு அறைக்குக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டரை வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "உங்க வீட்டுல சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? இன்வெர்ட்டர் இருக்கா?" என்றுதான். எந்த மாடல், என்ன விலை எல்லாம் அப்புறம். சில வருடங்களாக இதை வைத்துத்தான் மாடி அறையில் அலுவலக வேலை ஓடுகிறது. அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்களுடையது மதுரையில் தரைத்தளமும் மாடியும் உள்ள வீடு. ஃபைபர் இணைப்பு ஹாலுக்கு வருகிறது, 100 எம்பிபிஎஸ் பிளான். மாடி அறைக்கும் ஹாலுக்கும் நடுவே கான்கிரீட் தளமும் இரண்டு செங்கல் சுவர்களும். வைஃபை அங்கே போய்ச் சேரும்போது 3, 4 எம்பிபிஎஸ்தான் மிஞ்சும். கேபிள் இழுக்கலாம் என்றால் சுவருக்குள் போகும் பைப்பெல்லாம் ஏற்கெனவே வயரால் நிறைந்திருந்தது. வெளிச்சுவரில் கேபிள் தொங்குவது அப்பாவுக்குப் பிடிக்காது. சிங்கப்பூரிலிருந்து அக்கா வீட்டுக்காரர் வரும்போது ஏவி1300 என்று எழுதிய பவர்லைன் அடாப்டர் ஜோடி ஒன்றை வாங்கி வந்தார்.

வேலை செய்யும் விதம் எளிது. ஒன்றை ரௌட்டர் பக்கத்தில் செருகி, ஒரு ஈதர்நெட் கேபிளால் அதை ரௌட்டரோடு இணைக்க வேண்டும். இன்னொன்றை மாடியில் செருகி, அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள். கரன்ட் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிற அதே செம்புக் கம்பியில், டேட்டா சுமார் 2 முதல் 86 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உயர் அலைவரிசையில் ஏறிப் போகிறது. அந்த அலைவரிசையை ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் இரைச்சல் அதிகமோ அதைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றில் அனுப்பும். வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது இதனால்தான்.

1300 என்பதைப் பெட்டியிலேயே மறந்துவிடுங்கள். போக, வர இரண்டுக்கும் சேர்த்து, ஆய்வுக்கூடத்தில் மட்டுமே கிடைக்கிற எண் அது. வீட்டில் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே சந்தோஷப்படலாம். எங்களுக்கு ஆரம்பத்தில் கிடைத்தது 12, 15 எம்பிபிஎஸ். அடாப்டரின் சிக்னல் விளக்கு சிவப்பிலேயே நின்றது. மெயில் பார்க்கலாம், வீடியோ மீட்டிங் திக்கும்.

விஷயம் பிடிபட்டது ஒரு கரன்ட் பிரச்சினையில். தெருவில் ஒரு ஃபேஸ் போய்விட்டது. அப்பா வழக்கம்போல மெயின் போர்டில் ஃபேஸ் சேஞ்ச் ஸ்விட்சைத் திருப்பிப் போட்டார். அந்த நிமிடமே மாடியில் விளக்கு பச்சையாகி, வேகம் 60-ஐத் தாண்டியது! ஃபேஸ் திரும்பி வந்து ஸ்விட்சைப் பழையபடி வைத்ததும் பழைய கதைதான். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, "கீழ ஒரு ஃபேஸ், மாடி வேற ஃபேஸ் தம்பி. நடுவுல உங்க இன்வெர்ட்டர் வேற உக்காந்திருக்கு" என்றார்.

ஸ்விட்சைத் திருப்பியபோது மட்டும் கீழும் மாடியும் ஒரே ஃபேஸுக்கு வந்திருக்கின்றன. மற்றபடி இரண்டு ஃபேஸ்களுக்கும் நடுவே நேரடிக் கம்பித் தொடர்பு கிடையாது. வயர்கள் ஒரே பைப்பில் ஒட்டி ஓடுவதால் கொஞ்சம் சிக்னல் கசிந்து தாவுகிறது, அவ்வளவுதான். ரௌட்டர் இருந்தது இன்வெர்ட்டர் லைனில், மாடி மேசை பிளக் சாதா லைனில். சிக்னல் இன்வெர்ட்டரையும் தாண்டி வர வேண்டியிருந்தது.

அண்ணன் சொன்ன வழி எந்தக் கையேட்டிலும் இருக்காது. த்ரீ ஃபேஸ் வீட்டிலும் இன்வெர்ட்டருக்குப் போவது பெரும்பாலும் ஒரே ஃபேஸ்தான். அதிலிருந்து கிளம்பும் லைன் எல்லா அறைகளுக்கும் லைட், ஃபேனுக்காகப் போகிறது. அந்த ஸ்விட்ச் போர்டிலேயே இருக்கும் 5 ஆம்ப் பிளக் பாயின்ட்டும் பெரும்பாலும் அதே லைன்தான். மாடி அடாப்டரை மேசைக்குக் கீழே இருந்த பிளக்கிலிருந்து பிடுங்கி, கதவோரம் இருந்த ஃபேன் போர்டில் செருகினோம். 70, 80 எம்பிபிஎஸ் வந்தது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. கரன்ட் போனாலும் ரௌட்டர், இரண்டு அடாப்டர்கள் எல்லாம் இன்வெர்ட்டரில் ஓடுவதால் மீட்டிங் நிற்பதில்லை. இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் எப்போதாவது அடாப்டர் ஒருமுறை அணைந்து எரியும், ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிடும்.

தொல்லைகளும் உண்டு. அம்மா சட்னி அரைக்கும்போது மிக்ஸியின் கார்பன் பிரஷ் கிளப்பும் பொறி நேராக லைனில் ஏறி, வேகம் பாதிக்குமேல் இறங்கும். இட்லி நேரத்து மீட்டிங்கில் நான் கேமராவை அணைத்துவிடுவேன். சாயங்காலமானால் ஏன் மந்தமாகிறது என்று தேடியபோது, மாடிப்படியில் இருந்த மலிவான எல்இடி பல்புதான் காரணம். பல்பை மாற்றியதும் போனது. ஸ்பைக் பஸ்டரில் அடாப்டரைச் செருகவே கூடாது, அதன் ஃபில்டர் சிக்னலையும் சேர்த்து விழுங்கிவிடும். அப்பாவின் பழைய ரேடியோவில் சிற்றலை முழுக்க இரைச்சலாகிவிட்டது. அவர் இன்னும் இதைச் சொல்லிக்காட்டுகிறார்.

பிளக் விஷயத்தில் கவனம் தேவை. சிங்கப்பூர் பிளக்குக்குத் தட்டையான மூன்று கால்கள். நம்மூர்ப் பிளக் பாயின்ட்டில் செருகக் கன்வெர்ட்டர் போட்டேன். கொஞ்ச நாளில் அது லூசாகி, பித்தளைக் காலைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறிவிட்டது. அண்ணனே யுனிவர்சல் சாக்கெட் போட்டுக் கொடுத்தார். இந்த மாடல் எர்த் கம்பியையும் சேர்த்துப் பயன்படுத்தும் வகை. கன்வெர்ட்டரில் எர்த் கால் பெயருக்குத்தான் இருந்தது போல, சாக்கெட் மாற்றியதும் வேகம் இன்னும் கொஞ்சம் கூடியது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் அடாப்டரில் உள்ள பேர் (Pair) பட்டனை அமுக்கிச் சொந்தக் குறியாக்கச் சாவியைப் போட்டுக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டு வயர் வரை சிக்னல் கசியலாம்.

600 என்று விற்கும் மலிவு மாடல்கள் பலவற்றில் ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். சின்ன பிளானுக்கு அதுவே போதும். 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்துவிட்டு அது அப்படியே மாடியில் வர வேண்டும் என்றால் பவர்லைன் வேண்டாம், எப்பாடுபட்டாவது கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். புதிதாக வீடு கட்டுபவர்கள் வயரிங் பைப்போடு நெட்டுக்கென்று தனிப் பைப் ஒன்றைப் புதைத்துவிட்டால் இந்த அடாப்டரே தேவையில்லை. கட்டி முடித்த வீட்டில், இரண்டு முனைக்கும் ஒரே லைனில் பிளக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குங்கள், உங்கள் வீட்டு வயரிங் என்ன சொல்லும் என்பது செருகிப் பார்த்தால்தான் தெரியும்.