தோட்டத்துக் குழாயா, கைபேசிக் காணொளியா?

ரோலர் கோஸ்டரின் பௌதிகவியலை கிளிநொச்சியில் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகவும் காட்டிப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது குழாய்தான்.

மிளகாய்க்குத் தண்ணீர் விடும் ஒரு அங்குலக் குழாயை நெடுகக் கிழித்தால் தண்டவாளம் தயார். 10 சென்ரிமீற்றர் ஆரையில் வளையம் கட்டி, மாபிளை 25 சென்ரிமீற்றர் உயரத்தில் விட்டோம். உராய்வில்லாமல் வழுக்கும் பொருள் விழாமல் வளையத்தைச் சுற்றிவர, ஆரையின் இரண்டரை மடங்கு உயரம் போதும் என்பது கணக்கு. மாபிள் உச்சிக்குக் கிட்டப் போய், குழாயை விட்டுக் கழன்று நிலத்தில் விழுந்தது. "ஏன் சேர், கணக்குப் பிழையா?" என்றாள் ஒருத்தி. கணக்குச் சரி. ஆனால் மாபிள் உருளுகிறது, உயரத்தில் இருப்பதால் அதற்குள்ள அழுத்த சக்தியில் ஒரு பங்கு அந்தச் சுழற்சிக்குப் போய்விடுகிறது. உராய்வு தின்பது வேறு. உயர்த்தி உயர்த்தி 40ஐத் தொட்டதும் சுற்றி வந்தது. வகுப்பே கத்தியது!

காணொளியில் இந்தத் தோல்வி கிடைக்காது. ஆனால் குழாயில் தெரியாத ஒன்றை அது காட்டும். 1976இல் கலிபோர்னியாவில் ஓடத் தொடங்கிய ரெவலூஷன் என்ற ரோலர் கோஸ்டரின் வளையம் வட்டமல்ல, கண்ணீர்த்துளி வடிவம். வேகம் கூடிய அடிப்பகுதியில் ஆரை பெரிது. அதனால் உடலை அழுத்தும் விசை குறைகிறது. அதற்கு மட்டும் ஐந்து நிமிடம் கைபேசியை எடுப்பேன்.