ஈறு இறங்கிருச்சுன்னா: சொந்த அண்ணமா, ரெடிமேட் மெம்பரேனா, பின்ஹோலா?

ஈறு இறங்கி பல்லோட வேர் வெளியில தெரியுதுன்னு கேஎல்-ல (கோலாலம்பூர்ல) ஈறு ஸ்பெஷலிஸ்ட் யாருகிட்ட போனாலும் இந்த மூணுல ஒண்ணைத்தான் சொல்வாங்க, கேக்க மூணுமே நல்லாத்தான் இருக்கும். ஒண்ணு ரெண்டு பல்லுக்குன்னா என் ஓட்டு சொந்த அண்ணத்துக்குத்தான், அதாவது நம்ம வாயோட மேல்கூரையில இருந்தே சதை எடுத்து ஈறுல வைக்கிறது.

அதுலயே ரெண்டு வகை. மேல்தோலோட சேர்த்து சீவி எடுத்து வைக்கிறது ஃப்ரீ ஜிஞ்சைவல் கிராஃப்ட், ஈறு நல்லா கெட்டியாயிரும், ஆனா ஒட்டின இடம் வெளுப்பா தனியா தெரியும், அதனால பெரும்பாலும் கீழ்ப்பல்லுக்குத்தான். கனெக்டிவ் டிஷ்யூ கிராஃப்ட்ல மேல்தோலைத் திறந்து உள்சதையை மட்டும் எடுத்துட்டு திரும்ப மூடித் தைச்சிருவாங்க, நிறமும் ஒத்துப்போகும், வேரை மூடுறதுல இன்னிக்கும் மத்த முறையெல்லாம் இதோடதான் ஒப்பிட்டுப் பாக்குறாங்க. எங்க அக்காவுக்கு இதான் செஞ்சாங்க. ஈறுல பெரிய வலி இல்ல, அண்ணந்தான் படுத்திருச்சு, நாக்கு சும்மா கிடக்காம அந்தத் தையலையே தேடிப் போகுதாம், ரசத்தைக்கூட ஆறவச்சு இன்னொரு பக்கமா சாய்ச்சுதான் குடிச்சாங்க.

அந்தப் புண்ணே வேணாம்னா ரெடிமேட் மெம்பரேன், நம்ம சதைக்குப் பதிலா வைக்கிற தயார் சவ்வு. நிறைய பல்லுன்னா இதுக்கு அர்த்தம் இருக்கு, அண்ணத்துல அவ்வளவு சதைக்கு எங்க போறது? ஆனா எதுல செஞ்சதுன்னு வாயத் திறந்து கேட்டுருங்க. மியூகோகிராஃப்ட்ங்கிற பிராண்டு பன்றி கொலாஜன் (தோல்ல இருக்குற ஒரு புரதம்), அல்லோடெர்ம் இறந்தவங்க தானமா குடுத்த தோல், மாட்டுல இருந்து எடுக்குற கொலாஜனும் இருக்கு. மாட்டுக்கறி தொடாத வீடும் ஹலால் பாக்குற வீடும் பக்கத்து பக்கத்துல இருக்குற ஊரு இது, தையல் போட்டப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது.

பின்ஹோல்ல சின்ன ஓட்டை வழியா ஈறைத் தளர்த்தி இழுத்து, உள்ள கொலாஜன் துண்டு சொருகுவாங்க (இதுலயும் அதே கேள்வி வரும்!). சீக்கிரம் ஆறும், விளம்பரமும் ஜாஸ்தி. ஆனா மெல்லிசான ஈறுக்கு சொந்தச் சதை சேர்த்த கெட்டி இதுல வராது, பல வருஷம் பாத்த ஆதாரமும் அண்ணத்துக்குத்தான் அதிகம்.

எதுவா இருந்தாலும் ரெண்டு பல்லுக்கு நடுவுல எலும்பு கரைஞ்சிருந்தா முழுசா மூடும்னு எதிர்பார்க்காதீங்க, சிகரெட் இருந்தா இன்னும் மோசம். அழுத்தித் தேய்க்கிற பழக்கத்தை விடலன்னா காசு வீண், திரும்ப இறங்கும். இறங்குறது நின்னு போயி பல் கூச்சமும் இல்லன்னா ஆபரேஷனே வேணாம், அளவெடுத்து வச்சு கவனிச்சாலே போதும்னு சொல்ற டாக்டரை நம்பலாம்.

செலவு இடிச்சா யூஎம் (மலாயா பல்கலைக்கழகம்), யூகேஎம் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) பல் மருத்துவ ஃபேகல்டி பக்கம் விசாரிங்க, காத்திருக்கணும். அப்புறம் ஆபரேஷன் பண்ண பக்கம் பிரஷ் போடாம குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ்ல கொப்பளிக்கச் சொல்ற நாள்ல தே தாரிக் டீயைக் குறைச்சுக்கோங்க, பல்லு பழுப்பாயிரும், ஸ்கேலிங்ல போயிரும்தான், ஆனா அதுக்கும் தனி பில்லு.