‘லவ்லெஸ்’ ஆல்பத்தை ஸ்பீக்கரில் கேளுங்கள்

மை ப்ளடி வேலண்டைன் என்ற ராக் குழுவின் ‘லவ்லெஸ்’ ஆல்பம் 1991 நவம்பரில் வெளிவந்தது. நான் இதைப் பல வருடங்களாக விடாமல் கேட்டுவருகிறேன், போனில், ஹெட்ஃபோனில், இசைத்தட்டில், ஸ்பீக்கரில் என்று எல்லா வழியிலும். இது ஹெட்ஃபோனில் கேட்க வேண்டிய ஆல்பம் என்றுதான் பெரும்பாலானோர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஓரளவு நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சத்தம், சாத்திய கதவு, இவ்வளவு போதும்.

காரணம் இருக்கிறது. குழுவின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் இந்த கிட்டார்களை இடது வலது என்று அகலமாகப் பரப்பவில்லை, ஏறக்குறைய மோனோ மாதிரி நடுவிலேயே குவித்து வைத்திருக்கிறார். ஹெட்ஃபோனில் அந்த மொத்தக் கனமும் நடுமண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். அதே பாட்டு அறைக்குள் ஒலிக்கும்போது சத்தத்துக்குப் பரவ இடம் கிடைக்கிறது, பேஸ் வயிற்றில் தட்டுகிறது, அதுவரை ஒரே இரைச்சலாக இருந்தது அடுக்கடுக்காகப் பிரிய ஆரம்பிக்கிறது.

இதில் நூறு கிட்டார்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஷீல்ட்ஸ் அதைப் பலமுறை மறுத்திருக்கிறார், பல இடங்களில் ஒன்றிரண்டு கிட்டார்தான். சுருதியை அசைக்க கிட்டாரில் இருக்கும் ட்ரெமோலோ கம்பியைக் கையிலேயே பிடித்தபடி ஸ்ட்ரம் செய்வார், அதனால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) முழுவதும் சுருதியிலிருந்து கொஞ்சம் மேலேயும் கீழேயும் சரிந்துகொண்டே இருக்கும். அதோடு, ஒலி தேய்வதற்குப் பதிலாகப் பின்னாலிருந்து வீங்கி வருவது போன்ற தலைகீழ் ரீவெர்ப், அதாவது எதிரொலி. கமகம் பழகிய காதுக்கு இந்த அசைவு சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கேயும் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. ‘டு ஹியர் நோஸ் வென்’ பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு நண்பர் ‘ஃபைல் கெட்டுப்போச்சா?’ என்று கேட்டார். இல்லை, அந்தத் தள்ளாட்டம்தான் பாட்டு. அதற்குள்ளே ஒரு மெல்லிய மெட்டு நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது, சத்தத்தைக் கூட்டினால்தான் அது மேலே வரும்.

அப்புறம் குரல்கள். குழுவின் பாடகி பிலிண்டா புட்சர் பாடுவதில் பாதி வார்த்தை இன்றுவரை எனக்குப் புரியவில்லை, புரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிப் பாட வைப்பார்களாம், அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தத் தூக்கக் கலக்கம் குரலில் அப்படியே தெரிகிறது, அதுவும் ‘ப்ளோன் எ விஷ்’ பாட்டில். குரலை கிட்டாருக்கு மேலே தூக்கி வைக்காமல் இன்னொரு வாத்தியம் போல அதே உயரத்தில் விட்டிருக்கிறார்கள். வரிகளைப் பிடித்துக்கொண்டு பாட்டு கேட்பவர்கள் இங்கே சிரமப்படுவார்கள்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. டிரம்ஸ் பல இடங்களில் தட்டையாக ஒலிக்கும். டிரம்மர் கோலம் ஓ கீசோக் அந்தச் சமயத்தில் உடல்நலமில்லாமல் இருந்ததால், பெரும்பாலான பாட்டுகளுக்கு அவர் வாசித்ததைத் துண்டு துண்டாக சாம்பிள் எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். ‘ஒன்லி ஷாலோ’வின் தொடக்கத்தில் வரும் அந்த நாலு அடியின் வேகம் எல்லாப் பாட்டிலும் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘ஐ ஒன்லி செட்’ அதே மெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து தேவைக்கு மேல் நீளுகிறது, இத்தனை வருடம் கேட்டும் அந்த எண்ணம் மாறவில்லை.

ஷஃபிளில் போட வேண்டாம், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடும் வேண்டாம். பாட்டுகளுக்கு நடுவே சின்னச் சின்ன இணைப்புத் துண்டுகள் இருக்கின்றன. ‘வாட் யூ வாண்ட்’ முடிந்த பிறகும் புல்லாங்குழல் போன்ற ஒரு ஒலி சுழன்றுகொண்டே இருக்கும், அதிலிருந்துதான் கடைசிப் பாட்டான ‘சூன்’ கிளம்புகிறது. அங்கே டிரம்ஸ் திடீரென்று ஆட வைக்கிற மாதிரி துள்ளும். தனியாகக் கேட்டாலும் நல்ல பாட்டுதான், ஆனால் அதற்கு முன்னால் வந்த பத்துப் பாட்டையும் கடந்து அங்கே வரும்போது கிடைக்கிற நிம்மதி தனி.

எந்தப் பதிப்பு என்று கேட்பவர்களுக்கு: 2012இல் ஷீல்ட்ஸே ரீமாஸ்டர் செய்த இரட்டை சிடியில் ஒன்று டிஜிட்டல் டேப்பிலிருந்தும் மற்றொன்று அரை அங்குல அனலாக் டேப்பிலிருந்தும் எடுத்தது. வித்தியாசம் நுணுக்கமானது. அனலாக் பதிப்பு எனக்குக் கொஞ்சம் மூச்சுவிடுகிற மாதிரி கேட்கிறது, ஆனால் அதற்காக ஏற்கெனவே வைத்திருப்பதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அந்தப் பணம் கையில் இருந்தால் ஸ்பீக்கருக்குப் போடுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள், பேஸ் மொத்தமும் காணாமல் போய் வெறும் சீறல்தான் மிஞ்சும்.

முதல்முறை கேட்பவர்கள் ‘வென் யூ ஸ்லீப்’பில் தொடங்கலாம், அதன் மெட்டு உடனே மனதில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து ‘சம்டைம்ஸ்’, அது 2003இல் வந்த ‘லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்’ படத்தில் வருவதால் சிலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இந்த இரண்டும் பிடித்துவிட்டால் அடுத்த முறை முதல் பாட்டிலிருந்து போடுங்கள், நடுவில் நிறுத்தாமல் 48 நிமிடமும்.