தொடரா, சமாந்தரமா? இரண்டு டோர்ச் பல்பை வைத்து ஓர் அலசல்

இரண்டு டோர்ச் பல்ப், இரண்டு பெட்டரி, கொஞ்சம் வயர். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் பாடத்தை நான் எப்போதும் இதில்தான் தொடங்குவேன். பெட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 3 வோல்ற்று. சரி, பல்புகளை எப்படி இணைப்பது?

ஒரே பாதையில் வரிசையாக இணைத்தால் அது தொடர்ச் சுற்று. ஒரு பல்பின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தடை 20 ஓம், ஓட்டம் 0.15 அம்பியர், ஒவ்வொரு பல்புக்கும் 1.5 வோல்ற்று. அதே பல்புகளைத் தனித்தனிக் கிளைகளில் போட்டால் சமாந்தரச் சுற்று. இப்போது ஒவ்வொன்றுக்கும் முழுதாக 3 வோல்ற்று, 0.3 அம்பியர். பெட்டரி கொடுப்பது 0.6 அம்பியர். ஒரு பல்பின் வலு 0.225 வாற்றிலிருந்து 0.9 வாற்றாகிறது, அதாவது நான்கு மடங்கு. வெளிச்சத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். பெட்டரி அதற்கேற்ப சீக்கிரம் தீர்ந்துவிடும்.

தொடர்ச் சுற்றில் முதல் பல்பே மின்னோட்டத்தில் பாதியைத் தின்றுவிடும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் நம்ம ஊர்த் தண்ணீரைத்தான் காட்டுவேன். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு இறங்குகிறது. பிறகு நோர்ட்டனில் தேங்கி, அங்கிருந்து பழைய லக்சபான நிலையத்துக்கு மறுபடி இறங்குகிறது. முதல் நிலையம் தண்ணீரைக் குடித்துவிடுவதில்லை. பங்கு போவது இறங்கும் உயரம்தான். தொடர்ச் சுற்றிலும் ஓட்டம் எங்கும் ஒன்றே, அழுத்த வித்தியாசம்தான், அதாவது வோல்ற்றுதான், பங்கிடப்படுகிறது.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பழைய அலங்கார பல்ப் வரிசை தொடர்ச் சுற்றுதான். 230 வோல்ற்றில் 40 பல்ப் என்றால் ஒன்றுக்கு 6 வோல்ற்றுக்கும் சற்றுக் குறைவு. ஒன்று போனால் மொத்த வரிசையும் இருட்டு. சின்ன வயதில் சித்தப்பாவோடு உட்கார்ந்து, கருகிய பல்பைத் தேடி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். அவர் முதலில் பிளக்கைப் பிடுங்கி, என் கையில் கொடுத்துவிட்டுத்தான் வரிசையைத் தொடுவார். காரணம் பின்னாளில்தான் விளங்கியது. சுற்று அறுந்திருக்கும்போது அந்தச் சின்ன இடைவெளியில் 6 வோல்ற்று அல்ல, முழு 230 வோல்ற்றும் நிற்கிறது. பல்ப் சின்னதென்று விரலை வைத்துவிடாதீர்கள்.

வீட்டுக்குச் சமாந்தரம்தான் சரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. குசினி பல்ப் அணைந்தாலும் வாசல் பல்ப் எரிய வேண்டும். ஆனால் சமாந்தரத்தில் வேறொரு ஆபத்து இருக்கிறது. கிளைகளின் ஓட்டங்கள் கூடிக்கொண்டே போகும். 2000 வாற்று கேத்தலுக்கு ஏறத்தாழ 8.7 அம்பியர், 1000 வாற்று அயன் பெட்டிக்கு 4.3. லயக் காம்பராவில் ஒரே மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இரண்டையும் மாட்டினால், அந்த ஒரு வயரில் 13 அம்பியர் போகும். வயர் தொட்டால் சுடுகிறதா? உடனே ஒன்றைக் கழற்றுங்கள்.

அப்புறம், தொடர் இல்லாத வீடும் கிடையாது. ஆளி (சுவிட்ச்) பல்போடு தொடராகத்தான் இருக்கும், உருகியும் (பியூஸ்) அப்படித்தான். பாதையை அறுக்க வேண்டிய பொருளைப் பாதையிலேயே வைத்தால்தானே அறுக்க முடியும்? ஆளியைப் பல்புக்குச் சமாந்தரமாகப் போட்ட பிள்ளைகளும் உண்டு. மூடியதும் பல்ப் அணைந்து, பெட்டரி சூடாகும். அதுதான் குறுஞ்சுற்று. பெட்டரியில் செய்தால் பாடம், வீட்டு மின்சாரத்தில் செய்தால் தீ.

இரண்டும் புரிந்ததா என்று பார்க்க ஒரே மாதிரியான மூன்று பல்ப் போதும். இரண்டைச் சமாந்தரமாக இணைத்து, மூன்றாவதை அவற்றோடு தொடராக வையுங்கள். சமாந்தர ஜோடியில் ஒன்றைக் கழற்றினால் என்ன ஆகும்? மற்ற இரண்டும் மங்கும் என்றுதான் வகுப்பில் பெரும்பாலும் சொல்வார்கள். கழற்றிப் பார்த்தால் ஜோடியில் மிஞ்சியது கூடுதலாக எரியும், தனியாக இருந்தது மங்கும். 3 வோல்ற்றில் இப்போது இரண்டுக்கும் 1.5 வோல்ற்று, ஒரே வெளிச்சம்.