தள்ளுபடி விற்பனையில் பேய்: வளர்ந்தபின் பார்க்கும் ‘சைலர் மூன்’

முதல் பகுதி ஒரு நகைக்கடையில் நடக்கிறது. தள்ளுபடி என்று அறிவித்ததும் பெண்கள் கண்ணாடிப் பெட்டிகள்மேல் விழுந்தடித்து நிற்கிறார்கள். கல்லாவில் இருக்கும் கடைக்கார அம்மா உண்மையில் அம்மா இல்லை, அவர் உருவம் எடுத்த பேய். நகையைப் போட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பிழந்து சரிகிறார்கள். பத்து வயதில் பார்த்தால் பேய் மட்டும்தான் கண்ணில் படும். அட்சய திருதியை அன்று சேலம் நகைக்கடை வரிசையில் கைக்குழந்தையோடு நின்றிருப்பவருக்குப் பேய்கூட இரண்டாம்பட்சம். அந்தக் கூட்டமும் தள்ளுமுள்ளும், வீட்டுக்கு வந்தபின் வரும் அசதியும்தான் முதலில் உறைக்கும்.

நவோகோ தக்கேயுச்சியின் படக்கதையை வைத்து ஜப்பானின் தோயெய் நிறுவனம் எடுத்த அனிமேஷன் தொலைக்காட்சித் தொடர் இது. 1992 மார்ச்சில் தொடங்கி 1997 பிப்ரவரியில் முடிந்தது. ஐந்து பருவங்கள், மொத்தம் 200 பகுதிகள். பகுதி ஒன்றுக்குச் சுமார் 24 நிமிடம் என்று கணக்குப் போட்டால் 80 மணி நேரம். சிறுமிகளுக்காக எடுத்ததை முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், பழைய நினைவு என்ற பதில்தான் சட்டென்று வரும். அது பாதிகூடச் சரியில்லை. சின்ன வயதில் இதைப் பார்க்காமல் முதன்முறையாக இப்போது பார்ப்பவர்களையும் தொடர் பிடித்துக்கொள்கிறது.

முதல் பருவத்தின் எதிரிகள் என்ன செய்கிறார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். 3ஆம் பகுதியில் காதல் கடிதம் வாசிக்கும் நள்ளிரவு ரேடியோ நிகழ்ச்சி நடத்துகிறார்கள். 4இல் இளைக்க வைக்கும் ஜிம். 8இல் டியூஷன் சென்டர். 9இல் கடிகாரக் கடை. அங்கே கடிகாரம் வாங்கிய அத்தனை பேரும் வெறிபிடித்த அவசரக்காரர்களாகிறார்கள். 10இல் கோயிலில் தாயத்து விற்பனை; வாங்கிய பெண்கள் மாலை ஆறு மணி பஸ்ஸில் ஏறிக் காணாமல் போகிறார்கள். ஊரை அழிக்கும் குண்டு எதுவும் கிடையாது. கடை விரிப்பார்கள், ஆள் சேர்ப்பார்கள், வந்தவர்களின் சக்தியை உறிஞ்சித் தங்கள் தலைமைக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். குழந்தைக்கு இது வாரம் ஒரு பேய். டியூஷன் கட்டணத்தையும் ஜிம் கட்டணத்தையும் ஒரே சம்பளத்தில் கட்டுபவர்களுக்கு இது அசதியைப் பற்றிய கதை. சைலர் மூன் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது நம் துணிபு.

எதிர்ப்பக்கம் நிற்பவள் யார்? உசாகி, பதினான்கு வயது. காலையில் எழுந்திருக்க மாட்டாள், பள்ளிக்குத் தாமதம், ஆங்கிலத் தேர்வில் 30 மதிப்பெண். அந்தத் தாளைக் கசக்கி எறிகிறாள், அது மமோரு என்பவன் தலையில் விழுகிறது. வீட்டில் அம்மா மதிப்பெண்ணைக் கேட்டதும் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார். நெற்றியில் பிறை உள்ள பூனை ஒன்று வந்து, நீதான் சைலர் மூன் என்ற காவல் வீராங்கனை என்று, உடையில் குத்தும் ஒரு புரூச்சைக் கொடுக்கிறது. உருமாறிப் போய்ப் பேயைப் பார்த்ததும் அவள் செய்யும் முதல் காரியம், தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுவது. அந்த அழுகைச் சத்தம்தான் பேயைத் திணறடிக்கிறது! அழுகையை அடக்கக் கற்றுக்கொண்டபின் வீராங்கனை ஆகிறாள் என்று எழுதாமல், அழுகையோடேயே ஆக்கிய இடத்தில் திரைக்கதை கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது.

உருமாறும் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முக்கால் நிமிடம் போல ஓடும். புரூச் திறக்கும், ரிப்பன்கள் பாய்ந்து வந்து உடம்பைச் சுற்றி உடையாகும், பிறகு பூட்ஸ், பாவாடை, நெற்றிப் பட்டம். பிறகு அவளோடு சேரும் வீராங்கனைத் தோழிகள் நால்வருக்கும் பேனா போன்ற ஒரு கோல். அதைத் தூக்கிப் பிடித்ததும் முதலில் நகங்களில் பாலிஷ் ஏறும். தொழில்முறையில் இது சிக்கனம். ஒருமுறை வரைந்து சேமிப்பில் போட்டு வேண்டும்போதெல்லாம் எடுப்பதற்கு ஜப்பானிய அனிமேஷன்காரர்கள் ‘பேங்க்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உருமாற்றம், தாக்குதல் இரண்டையும் இப்படி எடுத்தால் வாரா வாரம் ஒன்றரை நிமிட வரைவு மிச்சம். நூறு தடவை ஓடப்போகிற காட்சி என்பதால் அதில் உழைப்பைக் கொட்டலாம், கொட்டியிருக்கிறார்கள். அதனால்தான் மற்ற காட்சிகளில் முகம் கோணலாக இருந்தாலும் இந்த முக்கால் நிமிடம் மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

அலங்காரத்தோடு சண்டைக்குப் போவதைப் பார்த்து, வலிமையான பெண் ஏன் ரிப்பன் கட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சேலத்துக்காரர்களுக்கு அந்தக் கேள்வி எழவே கூடாது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மனைப் பார்க்கிறோம்: பட்டு, மாலை, வளையல், எலுமிச்சை, கையில் சூலம். குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை அன்று தெய்வ வேஷம் கட்டி அலங்கார வண்டிமேல் நிற்பவர்களை இரவெல்லாம் நின்று பார்க்கிறோம். அம்மனின் வளையலையும் சூலத்தையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சைலர் மூன் பேசுவதும் அதே இலக்கணத்தைத்தான். ஊர் எல்லையிலும் ஏரிக்கரையிலும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஏழு கன்னிமாரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்குக் கூட்டமாகக் காவல் நிற்கும் பெண்கள் என்ற எண்ணமும் புதிதல்ல.

தமிழில் பார்க்கிறவருக்கு இன்னொரு வசதி, பெயர்கள். மூன் திங்கள், மார்ஸ் செவ்வாய், மெர்குரி புதன், ஜூபிடர் வியாழன், வீனஸ் வெள்ளி: நாட்காட்டியைச் சொன்னால் ஐவர் அணி முடிந்தது. நெருப்பைப் பார்த்துக் குறி சொல்லும் கோயில் பெண் ரெய் செவ்வாய், சிவப்பு உடை. (செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் இவளைத் தத்தெடுத்துக்கொள்ளலாம்.) உச்சம் மூன்றாம் பருவத்தில் வருகிறது. சைலர் சாட்டர்ன், அதாவது சனி, விழித்தால் உலகம் அழியும் என்று பெரியவர்களான மூன்று வீராங்கனைகள் பயந்து, அந்தப் பெண்ணை முன்கூட்டியே கொன்றுவிட நினைக்கிறார்கள். யார் அவள்? எப்போதும் உடம்புக்கு முடியாமல் கிடக்கும், விளையாட ஆளில்லாத ஒரு சின்னப்பெண், ஹொட்டாரு. சனி என்றால் வாசலிலேயே நிறுத்தும் நமக்கு அந்தக் குழந்தையின் பக்கம் நின்று பார்ப்பது சுருக்கென்று தைக்கும். கொல்ல மாட்டேன் என்று உசாகி அடம்பிடிப்பதுதான் அந்தப் பருவத்தின் முதுகெலும்பு.

உசாகி என்றால் முயல்; முழுப் பெயரைச் சேர்த்துச் சொன்னால் நிலாவின் முயல் என்று காதில் விழும். ஜப்பானியர் நிலாவில் மாவு இடிக்கும் முயலைப் பார்க்கிறார்கள். நாம் வடை சுடும் பாட்டியைப் பார்க்கிறோம், ஆனால் முயலும் நமக்கு அந்நியமல்ல: சசி, சசாங்கன் என்ற பெயர்களின் பொருளே முயலை உடையவன் என்பதுதான். கலித்தொகையில் காதலனைத் தேடும் பெண் ஒருத்தி நிலாவிலிருக்கும் குட்டி முயலையே கூப்பிட்டு வழி கேட்கிறாள். தட்டு வடை செட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க இதைவிடப் பொருத்தமான கதாநாயகி கிடைக்க மாட்டாள். தீனி விஷயத்தில் உசாகியும் லேசுப்பட்டவள் அல்ல.

இனி குறைகள். 4ஆம் பகுதியின் எடைக் கிண்டல் இன்று முகம் சுளிக்க வைக்கிறது. படக்கதையில் உயர்நிலைப் பள்ளி மாணவனாக இருக்கும் மமோரு இந்தத் தொடரில் கல்லூரி மாணவன். பதினான்கு வயதுப் பெண்ணோடு அவனுக்குக் காதல் என்பது வளர்ந்த கண்ணுக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். இரண்டாம் பருவத்தின் 47 முதல் 59 வரையிலான கதை படக்கதையில் இல்லாத இட்டுநிரப்பல், தாண்டினால் நஷ்டமில்லை. 60இல் வரும் சிபியுசா என்ற குழந்தையைச் சிலருக்கு மட்டும்தான் பிடிக்கும். நான்காம் பருவம் முழுக்க அவளையும் ஒரு பறக்கும் குதிரையையும் சுற்றுகிறது; மூன்றாம் பருவத்தில் சம்பாதித்த வெளிவட்ட வீராங்கனைகளை (அந்தப் பெரிய மூவரையும் ஹொட்டாருவையும்) அடியோடு விட்டுவிடுகிறது. ஐந்தில் மிகச் சோகையான பருவம் இதுவே.

எதைப் பார்ப்பது? முதல் பருவம் 46 பகுதிகளையும் விடாமல் பார்க்கலாம். இரவுக்கு இரண்டு வீதம் 23 நாள். நேரமில்லாதவர்கள் 1, 8, 10, 22 முதல் 25, 33 முதல் 36, 44 முதல் 46 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 25இல் வரும் மகோட்டோவை, அதாவது வியாழனை, தவறவிடக் கூடாது. நெடுநெடுவென்ற உயரம், அடிதடியால் பள்ளி மாற்றப்பட்டவள், கூட்டத்திலேயே நன்றாகச் சமைப்பவளும் அவளே. பிறகு 60இலிருந்து 88 வரை, மூன்றாம் பருவம் (90 முதல் 127) முழுசாக, கடைசிப் பருவம் (167 முதல் 200) முழுசாக. ஒரே மூச்சில் ஐந்தாறு பார்த்தால் திகட்டும். வாரத்துக்கு ஒன்று என்று எழுதப்பட்ட கதையில் திரும்ப வரும் காட்சிகள் அடுத்தடுத்து வந்து எரிச்சலூட்டும்.

45, 46 இரண்டையும் குழந்தைகளோடு பார்ப்பதென்றால் பக்கத்தில் உட்காருங்கள். வடதுருவப் பனியில் தோழிகள் நால்வரும் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், உசாகி தனியாக மிச்சமாகிறாள். அவள் கடைசியில் வேண்டுவது ராஜ்ஜியம் இல்லை, பழைய சாதாரண வாழ்க்கை. அது கிடைக்கிறது. மறுநாள் காலை பழையபடி பள்ளிக்குத் தாமதம், தோழிகள் ஒருவரையொருவர் அறியாமல் தெருவில் கடந்து போகிறார்கள். பெரியவர்களை உடைப்பது சாவு இல்லை, இந்தத் தெருக்காட்சிதான்.

கையில் கிடைக்கும் பதிப்பைச் சரிபார்ப்பது முக்கியம். உசாகிக்குப் பெயர் ‘செரீனா’ என்றிருந்தால் அது 1995இல் வந்த அமெரிக்க டப்பிங்; கத்தரி போட்டது. முதல் இரண்டு பருவங்களின் 89 பகுதிகள் அதில் 82 ஆகச் சுருங்கின. 45, 46 ஒன்றாக ஒட்டப்பட்டு, நால்வரும் சாகவில்லை, சிறைப்பட்டார்கள் என்று மாற்றப்பட்டது. எதிரிகளில் ஒருவனான சோய்சைட்டைப் பெண்ணாக்கினார்கள். பிறகு வந்த மூன்றாம் பருவ டப்பிங்கில் வெளிவட்ட வீராங்கனைகளில் காதலர்களான ஹருகாவையும் மிச்சிருவையும் உறவுக்காரப் பெண்களாக்கினார்கள். விளைவு, முன்பைவிட விசித்திரமாகப் போனது. 2014 முதல் விஸ் மீடியா வெளியிட்ட பதிப்பு வெட்டில்லாதது. கையில் கொலுசு வேலையோ தறி வேலையோ வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்குத் திரையில் ஓடும் சப்டைட்டில் வாசிக்க முடியாது. அவர்கள் இந்தப் புதிய ஆங்கில டப்பிங்கைத் தேர்ந்தெடுக்கலாம். ஜப்பானியக் குரலில் கேட்பவர்களுக்கு 44 முதல் 50 வரை உசாகியின் குரல் மாறியதுபோலத் தோன்றும். காதில் கோளாறு இல்லை. வழக்கமாகக் குரல் கொடுக்கும் கொத்தோனோ மிட்சுயிஷிக்கு உடல்நிலை சரியில்லாததால் கயே அராக்கி பேசினார். அவரே பின்னால் சிபியுசாவுக்குக் குரல் கொடுத்தார். இன்னொன்று, படம் 4க்கு 3 அளவில் எடுக்கப்பட்டது. டிவி அதை இழுத்து அகலமாக்கினால் எல்லாருக்கும் உப்பிய முகம் வரும். ரிமோட்டில் பட அளவை 4:3க்கு மாற்றினால் சரியாகிவிடும்.

2014இல் வந்த ‘கிரிஸ்டல்’ மறுஆக்கத்தில் தொடங்க வேண்டாம். படக்கதைக்கு விசுவாசம்தான், ஆனால் பழைய தொடர் 46 பகுதியில் சொன்னதை அது 14இல் முடிக்கிறது. காணாமல் போவது தூங்குவது, தின்பது, தேர்வில் கோட்டைவிடுவது, தோழிகள் அற்பக் காரணத்துக்குச் சண்டை போடுவது. வளர்ந்தவர்கள் தேடி வருவது அதைத்தான்.

அந்த முதல் புரூச்சைச் செய்து வாங்க ஆசைப்படுபவர்களுக்குச் சேலத்தைவிட நல்ல ஊர் இல்லை. வெள்ளிப் பட்டறைக்குப் படத்தைக் காட்டினால் போதும். 5 செ.மீ. விட்டத்தில் 1 மி.மீ. தகடு என்றால் வெள்ளி மட்டும் 20 கிராம் வரும். சுடிதார்த் துணியில் குத்தினால் தலைகீழாகத் தொங்கும். அரை மி.மீ. தகடு போட்டு அதன் எடையைப் பத்து கிராம் அளவுக்குக் குறைத்து, விளிம்பை மட்டும் கம்பி வைத்துத் தடிக்கச் சொல்லுங்கள். சுற்றியுள்ள நான்கு நிறக் கற்களையும் பற்றவைப்பு எல்லாம் முடிந்தபிறகே பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் கண்ணாடிக் கல் விரிசல் விடும். பின்பக்க ஊசியை வெள்ளியில் போட்டால் இரண்டாம் நாளே வளைந்துவிடும். அது மட்டும் ஸ்டீலாக இருக்கட்டும்.