நாணயம் விற்பவரின் நாணயம்: ஈபே மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம்?

கொழும்பில் இருந்தபடி ஈபே இணையச் சந்தையில் பழைய காசு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது விற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சதவீதத்தை. 99.8 என்றிருந்தால் உடனே நம்பிக்கை வந்துவிடுகிறது. பார்சல் ஒழுங்காக வரும் என்பதற்கு அந்த எண் நல்ல சாட்சி. காசு அசல் என்பதற்கு அது சாட்சியே இல்லை.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. கடந்த 12 மாதத்தில் விழுந்த நல்ல, கெட்ட மதிப்பீடுகளை மட்டும் வைத்தே சதவீதம் போடுகிறார்கள். நடுநிலை மதிப்பீடு கணக்கில் வராது. எழுதுவதற்குக் கிடைப்பது 60 நாள். பார்சலைப் பிரித்த கையோடு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுகிறோம். கள்ளக் காசு என்று விஷயம் தெரிந்தவர் சொல்லும்போது அந்த நாட்கள் போயிருக்கும். மலிவுக் காசுகள் நூறு விற்றுப் பேர் சேர்த்துக்கொண்டு, விலை கூடிய போலி ஒன்றைத் தள்ளிவிடுவதும் இதனால்தான் சுலபம். ஆகவே நடுநிலை, கெட்ட மதிப்பீடுகளை முதலில் திறந்து வாசியுங்கள். "தேய்த்துக் கழுவிய காசு", "படத்தில் இருந்தது வேறு" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் அந்த ஆளிடம் வாங்க வேண்டாம்.

விற்பவருக்கும் நியாயம் வேண்டும். 2008 முதல் அவர் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பீடு போட முடியாது. பழிக்குப் பழி வாங்குவார்களோ என்ற பயம் அதோடு நீங்கியது, நல்லது. ஆனால் பார்சல் சுங்கத்தில் கிடந்ததற்காக விற்பவருக்குச் சிவப்புக் குறி போடுவது அநியாயம். திருத்தித் தரும்படி அவர் கேட்கலாம். அதுவும் 1,000 மதிப்பீட்டுக்கு ஐந்து தடவைதான். முதலில் செய்தி அனுப்பிக் கேளுங்கள்.

எழுதுவதற்கு முன் காசைச் சோதியுங்கள். 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாவை எடுத்துக்கொள்வோம். எடை 28.28 கிறாம், வெள்ளி 92.5 வீதம். 0.01 கிறாம் காட்டும் சின்னத் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். காசு விலக்கும் தண்ணீரின் எடைதான் தராசில் தெரியும்; அது 2.73க்குக் கிட்டக் காட்ட வேண்டும். அதே எடையில் செப்பு நிக்கல் என்றால் 3.17 அளவில் நிற்கும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிக் காட்டும், அதைத் தட்டிவிடுங்கள். பிறகு துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கீறல் விழுந்து காசின் மதிப்பே போய்விடும். எடையோ எண்ணோ பிழைத்தால், விவரித்தபடி இல்லை என்று முறையிட, பார்சல் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் இருக்கிறது. மதிப்பீட்டை அதற்குப் பிறகு எழுதலாம்.

எழுதும்போது "நல்ல காசு, நன்றி" என்றால் அடுத்தவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. "28.26 கிறாம், தண்ணீரில் 2.73, படத்தில் இருந்த அதே காசு, கழுவிய கீறல் இல்லை" என்று எழுதுங்கள். அப்படி நாலு வரி உள்ள விற்பவரை, வெறும் நட்சத்திரம் நூறு உள்ளவரை விட நம்பலாம்.

யாழ்ப்பாண அரசரின் சேதுக் காசுக்கு இந்தச் சோதனை உதவாது. கையால் அடித்தவை, எடை ஒன்றுக்கொன்று மாறும். அவற்றை வாங்குமுன் கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய காசுகளை நேரில் பாருங்கள்; விற்பவரிடம் காசின் இரு பக்கத்தையும் விளிம்பையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் 100 சதவீதக்காரரிடமும் வாங்க வேண்டாம்.